யார் சொன்னால் கேட்பார்கள்

1967 ஜூன் 10, சனி

மழை இன்னும் இல்லை. மேகம் மட்டும். புழுக்கம். குழாயில் இருபது நிமிஷம்தான் தண்ணீர்; சாரதாவுக்கு அந்தக் கோபம், எனக்கு ஆறின காபி.

செய்ய வேண்டியவை: ரேஷன் கார்டில் பெயர் திருத்தம். குடைக்குக் கம்பி. ஷூவுக்கு அரை சோல்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கம்பெனி மாடியில் முதல் வகுப்பு. போர்டில் ‘லீடர்ஷிப் ட்ரெய்னிங்’ என்று கொட்டை எழுத்தில். எட்டு சூபர்வைசர்கள். புரொபேஷனில் இருப்பவன் நான் ஒருவன்தான். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதுவரை இருமுவதற்குக்கூட யோசிக்க வேண்டும்.

வகுப்பு எடுப்பவர் பெர்ஸனல் ஆபீசர் ஸேத்னா. பார்ஸி. பூனாவில் ஏதோ கோர்ஸ் முடித்துவிட்டு வந்திருக்கிறார். யாரையும் அதட்ட மாட்டார். பழைய ஆபீசர் கத்தோ கத்தென்று கத்துவார், நாங்களும் துடைத்துப் போட்டுவிட்டுப் போவோம். இவர் மெதுவாகப் பேசுகிறார். டீயும் பிஸ்கட்டும் நன்றாக இருந்தன.

சொன்னது: ஆளை அதட்டி வேலை வாங்குகிறவன் கங்காணி. ஆளைத் தெரிந்துகொள்கிறவன்தான் தலைவன். எந்தக் கூட்டத்திலும் மற்றவர்கள் காது கொடுக்கிற ஒருத்தன் இருப்பான். முதலில் அவனைக் கண்டுபிடியுங்கள்.

ஆளுக்கொரு ரோஸ் அட்டை. இரண்டு கேள்வி. உங்கள் செக்‌ஷனில் யார் சொன்னால் கேட்பார்கள்? அதற்கு உதாரணமாக நடந்த ஒரு சம்பவம்? அடுத்த சனிக்குள் எழுதித் தர வேண்டும்.

பக்கத்தில் குல்கர்ணி. பேக்கிங் சூபர்வைசர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தந்தி வந்த மாதிரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஜூன் 13, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. குர்லாவில் வண்டி மாறுவதற்குள் கால்சராய் முழங்கால் வரை சொட்டச் சொட்ட.

அட்டைக்காக இன்று செக்‌ஷனைக் கவனித்தேன். எனக்கு யோசிக்க வேலையே இல்லை. ஃபில்லிங் செக்‌ஷன் என்றால் டாங்கியிலிருந்து பெயிண்ட்டை டப்பாவில் பிடிப்பது, மூடி அடிப்பது, லேபிள் ஒட்டுவது. பதினாலு பேர். அதில் பதினோரு பேர் திருநெல்வேலிப் பக்கம், எல்லோரும் தாராவி வாசம். அந்தப் பதினோரு பேருக்கும் அண்ணாச்சி இசக்கிமுத்து. மிச்சம் மூன்று மராத்திக்காரர்களும் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். ‘நீ’ என்று சொல்ல வாய் வரவில்லை. ‘வாங்க போங்க’ என்றால் குல்கர்ணி சிரிக்கிறான். பெயரை மட்டும் சொல்லி ஒப்பேற்றுகிறேன்.

லீவு சமாச்சாரம் ஒன்று போதும். ஊரில் அம்மன் கொடைத் திருவிழா என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். நான் போன மாதம் அழகாகக் கட்டம் போட்டு லீவு லிஸ்ட் ஒட்டினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் சாப்பாட்டு வேளையில் ஐந்து நிமிஷம் பேசினார். யார் இந்த வருஷம், யார் அடுத்த வருஷம், யாருடைய ஷிப்டை யார் பார்ப்பது, எல்லாம் முடிந்தது. தன் முறையை மூன்று வருஷமாக மற்றவர்களுக்கே விட்டுக் கொடுத்திருக்கிறார். இந்த ஆடிக்குத்தான் போகிறார்.

பதினோரு பேரில் சுடலை என்பவனோடு மட்டும் இவருக்குப் பேச்சு கிடையாது. தாராவிக் குழாயடியில் பெண்கள் சண்டை, அதில் இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம். ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மூடி அடிக்கிறார்கள். சுடலை ஒரு மாதிரி. சிரிக்கவே மாட்டான், வேலையில் சுத்தம்.

சாரதாவிடம் சொன்னேன். “அப்போ நீங்க என்னத்துக்கு அங்கே?” என்றாள்.

ஜூன் 16, வெள்ளி

அட்டை எழுதி முடித்தேன். மூன்று தடவை நகல். இங்கிலீஷ் எனக்கே பிடித்திருக்கிறது.

சம்பவமாகப் போன மாதத்து மின்விசிறி விஷயத்தை எழுதினேன். எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோய் தின்னர் நெடி தாங்கவில்லை. ஒருத்தன் வாந்தி எடுத்துவிட்டான். இசக்கிமுத்து என்னிடம் வந்து, “சார், பயலுவளுக்குத் தல சுத்துது. காத்தாடி சரியாவுத வரைக்கும் வெளிய நிக்கட்டுமா?” என்றார். சரி என்றேன். அரை மணி நேரம் எல்லோரும் வெளியே. ஃபேன் ஓடியதும் டீ டைமைக்கூட விட்டுவிட்டு அடித்துத் தள்ளி, அன்றைய கணக்கை முடித்துக் கொடுத்தார்கள். புரொபேஷன் சமயத்தில் வேலை நின்றது என்று இருக்க வேண்டாமே என்று நான் லாக் புக்கில் ஏற்றவில்லை.

அட்டையில் தேதி, மணி உட்பட எல்லாம் இருக்கிறது: இவர் வேலையை நிறுத்தினார், ஆட்களை வெளியே கொண்டு போனார், மறுபடி கொண்டுவந்தார், ஒருவர்கூட மறுபேச்சுப் பேசவில்லை. என்னிடம் கேட்டதையும் நான் சரி என்றதையும் எழுதவில்லை. இவருடைய அட்டையில் என் பெருமை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 17, சனி

வகுப்பு. என் அட்டையை ஸேத்னா உரக்கப் படித்தார்! “இதுதான் கவனிப்பு. மனுஷன் எப்படிப்பட்டவன் என்று கண் முன்னால் தெரிகிறது” என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. மற்றவர்களுடையதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார், படிக்கவில்லை.

ஒன்று மட்டும். படித்து முடித்ததும் அட்டையை மற்றவற்றோடு வைக்காமல் தன் தோல் பையில் வைத்துக்கொண்டார்.

ஃபில்லிங்கில் சார்ஜ்ஹேண்ட் (ஆட்களுக்கு மேல் மேஸ்திரி) இடம் காலி என்று பேச்சு. அதற்குத்தான் இந்த அட்டை என்று படுகிறது.

கிங்ஸ் சர்க்கிளில் இறங்கிப் பூ வாங்கிக்கொண்டு போனேன். சாரதா, “என்ன விசேஷம்?” என்றாள்.

ஜூன் 19, திங்கள்

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

டீ டைமில் இசக்கிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க பேரை மாடியில் எழுதிக் கொடுத்திருக்கேன். நல்லது நடக்கும். வெளியே சொல்ல வேண்டாம்” என்றேன். என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“எனக்கா சார்? எனக்குக் கையெழுத்தே கோணலா வருமே” என்றார். முகம் சிவந்துபோய்விட்டது. நாற்பத்தாறு வயது மனிதர் வெட்கப்படுவதை இன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்து, “சார், ஆடியில ஊருக்குப் போவல. மாடியில கூப்புடுத நேரம் நான் இல்லாம இருந்தா நல்லாருக்காதுல்லா. அம்மன் எங்கன போயிறப் போறா” என்றார். ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். எந்தத் தேதியில் கூப்பிடுவார்கள் என்று எனக்கும் தெரியாதே.

ஜூன் 22, வியாழன்

மழை. மாட்டுங்கா தண்டவாளத்தில் தண்ணீர், வண்டி முக்கால் மணி லேட். பெட்டியில் நானும் பக்கத்து வீட்டு ராமனும் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவன் மதராஸி என்று ஏதோ சொன்னான், நாலு பேர் சிரித்தார்கள். ராமன் குர்லா வரை வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

டப்பா ஸ்டோரில் ஷங்கர் என்று ஒருவன். அங்கே எல்லோரும் அவன் பேச்சைத்தான் கேட்பார்கள். இன்று அவனை ஊருக்கு வெளியே வெகு தூரத்துப் பிவண்டி கிடங்குக்கு மாற்றி உத்தரவு. நாளைக்கே போக வேண்டும். அவனுடைய சூபர்வைசர் யாரையும் பார்க்காமல் நடந்து போனார்.

சாதாரண மாற்றல்தான். பிவண்டியில் ஆள் தேவையாக இருக்கும்.

ஜூன் 26, திங்கள்

மிக்ஸிங்கில் யூசுப். அங்கே அவன் பேச்சுதான். யார்டில் பீடி பிடித்தான் என்று சஸ்பெண்ட். யார்டில் பீடி பிடிக்காதவன் யார்? வாட்ச்மேனே பிடிக்கிறான்.

கான்டீனில் குல்கர்ணி என் எதிரே வந்து உட்கார்ந்தான். இட்லியைப் பிட்டுக்கொண்டே, தலை நிமிராமல் ஹிந்தியில் கேட்டான், “உன் அட்டையில் யார் பேர்? நிஜமான பேரா?”

நிஜமான பேர்தான் என்றேன்.

“அரே பாபா” என்றான். அவன் எழுதியது ஆகஸ்டில் ரிட்டயர் ஆகப்போகிற கிழவர் பெயராம். சம்பவம்கூட இட்டுக்கட்டியதாம். “இருபத்திரண்டு வருஷம் இங்கே இருக்கேன். உன் ஆட்களில் யார் முக்கியம்னு ஆபீசர் கேட்டா, அது அவனுக்கு மாலை போடறதுக்கு இல்லை.”

இதை வகுப்பன்றே என்னிடம் சொல்லியிருக்கலாம் இவன்.

ஸ்டோர் – ஷங்கர் – பிவண்டி.
மிக்ஸிங் – யூசுப் – சஸ்பெண்ட்.
பேக்கிங் – கிழவர் – ஒன்றும் இல்லை.
ஃபில்லிங் –

ஜூன் 28, புதன்

காரணம் தெரிந்தது. புது ஃபில்லிங் மெஷின் கப்பலில் வருகிறது. ஆகஸ்டில் இறங்கும். அதற்கு ஐந்து பேர் போதும். பதினாலு பேரில் ஒன்பது பேருக்கு என்ன வழி என்று எந்தப் பிரிவிலாவது யாராவது எழுந்து கேட்பதற்கு முன்னால், கேட்கக்கூடியவன் இல்லாமல் போக வேண்டும். டிராயிங் ஆபீஸ் ஆள் சொன்னான், சாதாரணமாக, பாக்குப் போட்டுக்கொண்டே.

மூன்றரைக்கு ஸேத்னா கூப்பிட்டனுப்பினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். சாரதாவைப் பற்றி, மழையைப் பற்றி விசாரித்தார். பிறகு டைப் அடித்த ஒரு தாள். என் அட்டையில் இருந்த அதே வாக்கியங்கள், நடுவில் இரண்டு வார்த்தை புதிதாக: ‘அனுமதி இல்லாமல்’.

“இது சரிதானே? இல்லை, அன்றைக்கு நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் சொல்லுங்கள். அது வேறு விஷயம். அப்படியானால் லாக் புக்கில் ஏன் இல்லை என்று நான் உங்களைக் கேட்க வேண்டியிருக்கும்.” அதே மெதுவான குரல். மேஜையில் இன்னொரு கவர் இருந்தது. என் பெயர் டைப் அடித்தது.

நான் அந்தச் சமயத்தில் செக்‌ஷனில் இல்லை என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். யோசித்துச் சொன்னதாகக்கூட ஞாபகம் இல்லை. கையெழுத்துப் போட்டேன். விசாரணையில் என் பெயர் வெளியே வராது என்றார்.

ஜூன் 30, வெள்ளி

கன்ஃபர்மேஷன் கடிதம். கவர் அதேதான்.

சாரதா சேமியாப் பாயசம் வைத்தாள். ரேஷன் சர்க்கரை மொத்தமும் போயிற்று. ராமன் வீட்டுக்கு ஒரு டம்ளர். “அந்த இசக்கிமுத்துன்னு சொல்வேளே, அவருக்கும் ஆயிடுத்தோ?” என்று கேட்டாள்.

அவருக்கு விசாரணைக் கடிதம் செவ்வாய்க்கு. ‘மாடிக்கு வரவும்’ என்று மட்டும் இருக்கிறது. எதற்கு என்று இல்லை. இன்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. “இதுதானே சார்?” என்றார்.

ம் என்றேன்.

ஜூலை 2, ஞாயிறு

நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு. சாரதாவிடம் தாதரில் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தாராவிக்குள் இதுவரை போனதில்லை. வழி நெடுக முழங்கால் சேறு. பலகை போட்டுப் பலகை மேல் நடை. அண்ணாச்சி வீடு எது என்றதும் மூன்று பேர் கூடவே வந்தார்கள்.

சொல்ல நினைத்தவை:
1. சார்ஜ்ஹேண்ட் இல்லை, விசாரணை.
2. நான் சரி என்று சொன்னதை அங்கே சொல்லிவிடுங்கள்.
3. என் அட்டை.

வீட்டு வாசலில் சின்னக் கும்பல். அவருடைய சம்சாரம் ஈயப் பாத்திரத்தில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்குப் போட வெள்ளைச் சட்டை தைத்து வந்திருக்கிறது, சுவரில் தொங்கியது. “இவுகதான் எங்க சாரு. இவுக எழுதிக் கொடுத்துதான்” என்று எல்லோரிடமும் காட்டினார். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்மாள நம்மாளுதான் தூக்கிவிடணும்” என்றார். சுடலைகூட எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தான். குழாயடிச் சண்டைக்குப் பிறகு இந்தப் பக்கமே வராதவனாம்.

கேசரி சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போட்டார்கள், அதையும் சாப்பிட்டேன். வீட்டுக்கு என்று வாழை இலையில் கட்டியும் கொடுத்தார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றையும் சொல்லவில்லை. சயானில் பொட்டலத்தோடு அரை மணி நேரம் நின்றேன். என்ன ஜன்மம் நான்.

ஜூலை 4, செவ்வாய்

பத்து மணிக்குப் போனார். பத்தே முக்காலுக்கு இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை. டிஸ்மிஸ். கேட் பாஸை மாடியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நேராக என் மேஜைக்கு வந்தார். கெட்ட வார்த்தை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

“சார், நீங்க சரின்னு சொன்னத நான் மூச்சு விடல. யாரு அனுமதி கொடுத்தான்னு திருப்பித் திருப்பிக் கேட்டாவ. நானாத்தான் நிறுத்துனேன்னு சொல்லிட்டேன். எனக்கு ஆனது ஆயிட்டு. உங்களுக்கும் வினை வந்துரக்கூடாதுல்லா.”

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நீங்க நல்லதுதான் எழுதியிருப்பிய. நடுவுல எவனோ கெடுத்துட்டான். தேதி, மணி மொதக்கொண்டு சொல்லுதாவ. அன்னைக்கு உள்ள நின்ன பதினாலு பேருல ஒருத்தன்தான் போயி சொல்லிருக்கான். அது யாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும் சார். மாடியில உங்களுக்குப் பழக்கம் உண்டும்லா.”

விசாரிக்கிறேன் என்றேன்.

ஜூலை 6, வியாழன்

மழை நிற்கவில்லை. செக்‌ஷனில் பேச்சே இல்லை. மூடி அடிக்கிற சத்தம் மட்டும். நான் சொன்னால் உடனே செய்கிறார்கள். இதுவரை இப்படிச் செய்ததில்லை. ஸேத்னா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு வேளையில் நாலு பேர் என் மேஜையைச் சுற்றி. சுடலை அப்போது கை கழுவப் போயிருந்தான்.

“சார், நாங்க ஒரு பேரு சொல்லுதோம். ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க. சுடலைதான?”

பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

“அண்ணாச்சிக்கும் அவனுக்கும் ஆவாது. ஞாயித்துக்கிழம வந்து எட்ட நின்னு பாத்தான்லா, எல்லாம் தெரிஞ்சிகிட்டுத்தான் நின்னுருக்கான். சுடலைதான சார்?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து, “அப்ப யாரு?” என்று கேட்பார்கள். ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தன் மற்றவனைப் பார்த்தான். “சரி சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இசக்கிமுத்து இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் அடக்கியிருப்பார்.

ஜூலை 7, வெள்ளி

காலையில் சுடலை என்னிடம் வந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட முடியுமா என்றான். ஏன் என்றேன். “சும்மாத்தான் சார்” என்றான். இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. குல்கர்ணியிடம் கேட்கிறேன், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன். ஐந்து மணிக்கு மற்ற தாராவிக்காரர்கள் ஒன்பது பேரும் சேர்ந்து கிளம்பினார்கள். அவன் தனியாகக் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனான்.

ஜூலை 8, சனி

சுடலை வரவில்லை.

வகுப்பு. ஸேத்னா போர்டில் எழுதியது: ‘தலைவன் இல்லாத இடத்தில் தலைமை உங்களுடையது.’ நோட்டில் எழுதிக்கொண்டோம். குல்கர்ணி வகுப்பு முழுக்க என்னைப் பார்க்கவில்லை.

ஷூவுக்கு அரை சோல் இன்னும் போடவில்லை.

ஜூலை 10, திங்கள்

மழை. 8.20க்கே வந்துவிட்டேன்.

கேட்டில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, தலையில் கோணிச் சாக்கு. சுடலையின் சம்சாரம். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவள் பேசுவது அவனுக்கு விளங்கவில்லை, என்னைக் கூப்பிட்டான்.

“சனிக்கெழம வேலைக்குன்னு வந்தவுக சார். வீட்டுக்கு வரல. ஞாயித்துக்கெழமயும் வரல. எங்க தெருவுல யாரக் கேட்டாலும் கதவச் சாத்துதாவ. அண்ணாச்சி வீட்டுல கேட்டேன், அவரு ஊருக்குப் போயிட்டாருன்னாவ. உங்கள கேட்டாத் தெரியும்னு சொல்லுதாவ சார்.”

யார் சொன்னது என்றேன். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

உள்ளே மிச்சம் பன்னிரண்டு பேரும் வந்து இடத்தில் நிற்கிறார்கள். யாரும் தலை நிமிரவில்லை. ஒன்பது மணிக்கு ஆஜர் மஸ்டரை மூட வேண்டும். அவள் இன்னும் கேட்டில்தான் நிற்கிறாள், ஜன்னலிலிருந்து தெரிகிறது. சுடலை பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டேன்.